அழுதவர் யாருக்காக அழுதார்? ரசக் கோட்பாடும் புலம்பெயர் அரங்கும்

புலம்பெயர் தமிழரின் நாடக விமர்சனங்களைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: சபையிலிருந்த பலர் கண்கலங்கினர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இங்கே சிட்னியிலும் எழுதப்படுகின்ற விமர்சனங்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தில் வந்து இளைப்பாறுகின்றன. கண்ணீர் சாட்சியாகவும் தீர்ப்பாகவும் ஆகிவிட்டது. அழுதவர் நாடகத்துக்காக அழுதாரா, அல்லது எரிந்துபோன தன் வீட்டுக்காக அழுதாரா என்று எந்த விமர்சகரும் கேட்பதில்லை. கேட்டால் மனிதாபிமானம் இல்லாதவர் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயமும் இருக்கலாம்.

இந்தக் கேள்வி புதியதல்ல. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் இதை மிகத் துல்லியமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ரசக் கோட்பாடு என்றதும் எம்மவரிடையே இரண்டு வகையான எதிர்வினைகளே வருகின்றன. ஒரு பகுதியினருக்கு அது நடன அரங்கேற்ற மலரில் அச்சிடப்படும் ஒன்பது முகபாவப் படங்கள். இன்னொரு பகுதியினருக்கு, குறிப்பாக எழுபதுகளின் முற்போக்கு விமர்சனப் பாசறையில் வளர்ந்தோருக்கு, அது அரண்மனை அழகியல். மேட்டுக்குடியின் ஓய்வுநேரச் சமாசாரம். இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: நூலைத் திறந்து பார்ப்பதில்லை.

அந்தப் பழக்கத்துக்குப் பாடத்திட்டத்துக்கும் பங்குண்டு. க.பொ.த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த மாணவர் எவரும் எட்டு ஸ்தாயி பாவம், எட்டு சாத்வீக பாவம், முப்பத்துமூன்று சஞ்சாரி பாவம், ஆக நாற்பத்தொன்பது என்று கணக்கொப்புவிப்பார். நானும் பல ஆண்டுகள் அப்படிக் கற்பித்துப் புள்ளி போட்டவன். பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் ஆறாம், ஏழாம் அத்தியாயங்கள் இந்தக் கணக்கைத் தருகின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே உள்ள அடிப்படைக் கருத்து மிக எளிமையானது. உணர்ச்சியை மேடையில் நேரே வைக்க முடியாது. அதன் காரணங்களை வைக்கலாம் (விபாவம்), அதனால் உடலில் வெளிப்படுவதை வைக்கலாம் (அனுபாவம்), இடையில் வந்துபோகும் சிற்றுணர்வுகளை வைக்கலாம் (சஞ்சாரி பாவம்). இவை சேரும்போது பார்ப்பவரிடத்தில் ஒன்று விளைகிறது. பல சரக்குகள் சேர்ந்து ஒரு கறியின் சுவை விளைவதுபோல என்பது பரதர் தரும் உவமை. சுவை உண்பவன் நாக்கில் இருக்கிறது, அகப்பையில் இல்லை.

எமக்கு முக்கியமானது ஆறாம் அத்தியாயம் மட்டுமல்ல, எவரும் பரீட்சைக்குப் படிக்காத முதலாம் அத்தியாயமுங்கூட. முதல் நாடகம் மேடையேறிய கதை அங்கே வருகிறது. இந்திரனின் கொடிவிழா. தேவர்கள் அசுரரை வென்ற கதையை நடிக்கிறார்கள். சபையில் தேவர்கள் மட்டுமல்ல, தோற்றுப்போன அசுரரும் இருக்கிறார்கள். தம் தோல்வி மேடையில் ஆடப்படுவதைப் பார்க்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. விரூபாட்சன் தலைமையில் விக்கினர்களைச் சேர்த்துக்கொண்டு நடிகரின் பேச்சையும் அசைவையும் நினைவையும் முடக்கிவிடுகிறார்கள். இந்திரன் கொடித்தண்டைப் பிடுங்கி அவர்களை அடித்து நொறுக்குகிறான். பிறகு விசுவகர்மா காவலுள்ள ஒரு நாடகசாலையைக் கட்டுகிறான். அதற்குப் பிறகே பிரமா அசுரரை அழைத்து ஏன் இந்தக் கோபம் என்று கேட்கிறார். நீர் எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவானவர், ஆனால் நீர் ஆக்கிய இந்தக் கலை எங்களை இழிவுபடுத்துகிறது என்பது விரூபாட்சனின் முறைப்பாடு. நாடகம் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் உரியதன்று, மூவுலகின் நன்மை தீமைகளையும் காட்டுவது என்று பிரமா சமாதானம் சொல்கிறார்.

உலகின் மிகப் பழைய நாடக இலக்கணங்களில் ஒன்று, தோற்றவன் பார்வையாளனாக உட்கார்ந்திருக்கும் சபையில் தொடங்குகிறது என்பதை நாம் போதியளவு கவனிக்கவில்லை. விரூபாட்சன் கேட்டது நியாயமான விமர்சனம். சொல்லப்போனால் எமது மரபில் பதிவான முதலாவது நாடக விமர்சகர் அவன்தான். முதலில் அடி, பிறகு மதில், கடைசியில் விளக்கம் என்ற வரிசையில் அவனுக்குப் பதில் கிடைத்தது. இந்த வரிசை எமக்குப் பழக்கமானதே.

பிற்கால உரைகாரர் விக்கினம் என்ற அதே சொல்லை எடுத்து உள்ளே திருப்பிவிடுகிறார்கள். பரதரின் நூலுக்கு அபிநவகுப்தர் எழுதிய அபிநவபாரதி அவருக்கு முந்தியோரின் வாதங்களையும் காத்துத் தருகிறது. மேடையில் நிற்பவன் இராமனா நடிகனா என்ற சிக்கலுக்குச் சங்குகர் ஓவியத்திலுள்ள குதிரையைக் காட்டுகிறார்: அது குதிரையே என்றும் சொல்ல முடியாது, குதிரை இல்லை என்றும் சொல்ல முடியாது. பட்டநாயகர் சாதாரணீகரணம் என்று ஒன்றைச் சொல்கிறார். மேடையிலுள்ள துயரம் இன்னாருடையது என்ற அடையாளத்தை இழந்து பொதுமையாகிறது. அபிநவகுப்தர் இதை ஏற்றுக்கொண்டு, ரசம் விளையாமல் தடுக்கும் ஏழு விக்கினங்களைச் சொல்கிறார். அவற்றிலொன்று, பார்வையாளன் தன் சொந்த இன்ப துன்பத்தில் அமிழ்ந்து கிடப்பது. பாட்டும் வாத்தியமும் அலங்கரித்த மண்டபமும் அவனை அதிலிருந்து பிரித்தெடுப்பதற்காகவே வைக்கப்பட்டுள்ளன என்கிறார். பரதரின் கதையில் மேடையை முடக்கிய அசுரன், இங்கே பார்வையாளனின் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டான்.

இதை ஒத்துக்கொண்டால், எங்கள் மண்டபங்களில் சிந்தப்படும் கண்ணீரில் பெரும்பகுதி ரசத்தின் அடையாளம் ஆகாது. அதற்கு ஏற்பட்ட தடையின் அடையாளம். தாய் வேடமிட்ட பெண் ஒருத்தி, திரையில் ஒரு விமானத்தின் ஒலி, ஒரு பங்கர், பிறகு இருட்டு. இவ்வளவும் போதும், சபை அழும். ஆனால் இது நாடகத்தின் வேலையா? அந்த ஒலியை வெறும் ஒலியாகப் போட்டாலும் நாங்கள் அழுவோம். கதவு பலமாக அடித்தால்கூட எங்களிற் சிலர் திடுக்கிடுவோம். நாடக ஆசிரியர் செலவழித்தது தன் கையிருப்பையன்று, எங்கள் கையிருப்பை.

இவ்வளவு தூரம் நான் அபிநவகுப்தருடன் வருகிறேன். இதற்கு மேல் வர முடியவில்லை. கிரௌஞ்சப் பறவையின் துயரைக் கண்ட வால்மீகியின் சோகம் கவிதையானது என்ற பழைய கதையை ஆனந்தவர்த்தனர் எடுத்தாள்கிறார். அதற்கு விளக்கம் எழுதும் அபிநவகுப்தர், அதை முனிவரின் சொந்தச் சோகம் என்று கொள்ளக்கூடாது என்கிறார்; உண்மையில் துக்கப்படுபவனுக்குக் கவிதை ஏது என்பது அவர் வாதம். அமைதியான ஒரு நாட்டில் இது சரியாக இருந்திருக்கலாம். 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பின் தலைப்பே இதை மறுக்கிறது. துக்கம் ஆறிய பிறகுதான் எழுதவேண்டும், ஆறிய பிறகுதான் பார்க்கவேண்டும் என்றால், துக்கம் ஆற விடப்படாத ஒரு மக்கள் கூட்டத்துக்கு இலக்கியமே கிடையாது என்றாகிவிடும். சகிருதயர் என்ற இலட்சிய வாசகர் யார்? மனக்கண்ணாடி மாசில்லாமல் துலங்குபவர். எங்கள் கண்ணாடிகள் வேறு காரணங்களால் உடைந்தவை.

ஆகவே துன்பத்தை மறக்கச் செய்யாமல், அதிலேயே அமிழவும் விடாமல், அதைப் பொதுமையாக்கும் வழி உண்டா என்பதே கேள்வி. உண்டு என்பதற்கு எம்மிடமே சான்று இருக்கிறது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேறியது. பள்ளிக்கூடப் பையனாக நான் பார்த்த நாடகம். அது ஒரு குடும்பத்தின் அவலக் கதையாக எழுதப்பட்டதன்று. உரைஞரும் கூட்டுக் குரலும் அதன் முதுகெலும்பு. அழுகை வரும் தறுவாயில் ஒருவர் வந்து எங்களோடு பேசுவார், கேள்வி கேட்பார். பிறெக்ற் என்று நாம் சொல்லிக்கொண்டோம். அது பிழையில்லை. ஆனால் எங்கள் கூத்திலே அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் காலங்காலமாகச் செய்துவந்ததும் ஏறத்தாழ அதுவே. சபையை அதன் சொந்தத் துயரிலிருந்து ஓரடி விலக்கி நிறுத்துவது. அபிநவகுப்தர் சொன்ன வாத்தியத்தின் வேலை அது.

பரதர் விதித்த ஒரு தடையையும் இங்கே நினைக்கவேண்டும். யுத்தம், அரசிழப்பு, மரணம், நகர முற்றுகை ஆகிய நான்கையும் அங்கத்தினுள் நேரே காட்டலாகாது, பிறர் வாயிலாகச் சொல்லவேண்டும் என்கிறார். 2009க்குப் பின்னான எமது நாடகங்களின் உள்ளடக்கம் முழுவதையும் அவர் நான்கு சொற்களில் தடைசெய்துவிட்டார் என்று சிரிக்கத் தோன்றும். மங்கல முடிவை விரும்பிய சமூகத்தின் தடை அது என்பதும் சரிதான். வடமொழியிலேயே அதை மீறியவர்கள் உண்டு. 1912 முதல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி பதிப்பித்த பாச நாடகங்களில் ஊருபங்கம் துரியோதனனை மேடையிலேயே சாகவிடுகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனையில் தயாரித்த ‘இராவணேசன்’, தோற்றவன் பக்கம் நின்று ஆடப்பட்டது. விரூபாட்சனின் முறைப்பாட்டுக்குக் கிடைத்த உருப்படியான பதில் அது. எனினும் தடையின் உள்ளே ஒரு தொழில்நுட்ப ஞானம் இருக்கிறது. சாவைக் காட்டுவதைவிடச் சாவைச் சொல்ல வருபவனைக் காட்டுவது கடினம். எமது நெறியாளர்கள் எளிதான வழியையே தெரிவு செய்கிறார்கள். மம்மடர் காவியக் குற்றங்களுள் ஒன்றாக, உணர்ச்சியை அதன் சொந்தப் பெயராலேயே சொல்லிவிடுவதைக் குறிக்கிறார். சோகம் சோகம் என்று பாத்திரம் சொன்னால் சோகம் வராது. எங்கள் நாடகப் பிரதிகளிலே சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்தால் பாதி வசனங்கள் இந்த ஒரு குற்றத்துக்கே போய்விடும்.

இனித் தொல்காப்பியம். விபுலாநந்த அடிகள் 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களையும் தனஞ்சயரின் தசரூபகத்தையும் ஒரே நூலுக்குள் கொண்டுவந்து வைத்தார். காரைதீவுக்காரர் ஒருவர் மேற்கையும் வடமொழியையும் இவ்வளவு அச்சமின்றிக் கையாண்டதை நினைத்தால், பின்வந்த நாங்கள் எவ்வளவு ஒடுங்கிப்போனோம் என்பது தெரியும். மெய்ப்பாட்டியல் பரதரிடமிருந்து கடன் வாங்கப்பட்டதா, பரதர் இங்கிருந்து வாங்கினாரா என்ற வழக்கை ஊர்ச் சங்கங்கள் நடத்திக்கொள்ளட்டும். அதில் எனக்கு அக்கறையில்லை. இரண்டும் எதைக் கணக்கெடுக்கின்றன என்பதே முக்கியம்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் தருகிறார். அழுகைக்கு அவர் தருவன இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்படுதல், இழத்தல், நிலைகுலைதல், இல்லாமை. நான்கும் உலகியற் காரணங்கள். இவற்றுள் அசைவு என்பதற்கு, முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு விதமாகி வருந்துவது என்று பேராசிரியர் பொருள் கொள்கிறார். அகதியை இதைவிடச் சுருக்கமாக எவரும் வரையறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால் அசைவுக்கு உதாரணங்கள் வரிசையில் வரும்: கணக்காளராக இருந்த துப்புரவுத் தொழிலாளி, அதிபராக இருந்த காவலாளி, விரிவுரையாளனாக இருந்து இப்போது பெட்டிகளுக்குப் பட்டி கட்டுகிற நான். வெகுளிக்குத் தரப்படும் நான்கு இன்னும் கூர்மையானவை: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அங்கத்தைச் சிதைத்தல், குடியை நலிதல், வதைத்தல், கொல்லுதல். இது ஒரு குற்றப்பத்திரிகையின் தலைப்புகள் போல இருக்கிறது. பரதரும் கருணத்தின் காரணங்களில் கொலையையும் சிறையையும் ஓட்டத்தையும் சேர்த்திருக்கிறார். ஆனால் பின்னால் வந்தவர்கள் விபாவத்தை விட்டுவிட்டு ரசத்தின் ஆனந்தத்திலேயே கவனத்தைச் செலுத்தினார்கள். சமூகக் காரணங்களின் பக்கம் கோட்பாட்டைத் திருப்ப, பேராசிரியர் சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி 1981இல் வெளியிட்ட ஆய்வுப் பாணி எமக்கு வழிகாட்டியிருக்க வேண்டும். நாம் அந்நூலை மேற்கோளுக்குப் பயன்படுத்தியதோடு சரி.

பொதுமையாக்கம் எப்படி நிகழ்கிறது என்பதற்குத் திரும்புகிறேன். சாகுந்தலத்தின் தொடக்கத்தில் வேட்டைக்கு அஞ்சி ஓடும் மானை அபிநவகுப்தர் உதாரணம் காட்டுகிறார். அந்த அச்சம் யாருடையது, எங்கே, எப்போது என்ற குறிப்புகள் கழன்று அச்சம் மட்டும் மிஞ்சுகிறதாம். எனக்கு இதற்கு நேர்மாறான அனுபவம் உண்டு. சிட்னிவாசியான ஏர்னெஸ்ட் மக்கின்ரயர் ஆங்கிலத்தில் எழுதிய ‘ராசநாயகத்தின் கடைசிக் கலவரம்’ 1983ஐப் பற்றியது. ஒவ்வொரு கலவரத்தின்போதும் சிங்கள நண்பன் வீட்டில் அடைக்கலம் தேடும் தமிழன், வாளிக்கான சிங்களச் சொல்லைப் பிழையில்லாமல் உச்சரிக்கப் பழக்கப்படுகிறான். பாகாரம் வாயில் வராவிட்டால் தமிழன், தமிழனென்றால் சாவு. கடைசியில் அவன் அந்தச் சொல்லைச் சொல்ல மறுக்கிறான். வேலைத்தலத்தில் தேநீர் இடைவேளையின்போது இந்தக் கதையை ஒரு லெபனான் நண்பருக்குச் சொன்னேன். அவர் உடனே, எங்களுக்கு அது தக்காளி என்றார். அங்கே உள்நாட்டு யுத்தத்தில் சோதனைச் சாவடியில் தக்காளியைக் காட்டிப் பெயர் கேட்பார்களாம். உச்சரிப்பைக் கொண்டு பலஸ்தீனியனா லெபனான்காரனா என்று பிரிப்பார்களாம். அவர் ரசக் கோட்பாடு படித்தவரில்லை. யார், எங்கே, எப்போது என்ற குறிப்புகள் கழன்றதால் அவருக்கு அந்த அச்சம் போய்ச் சேரவில்லை. வாளி என்ற ஒரு சொல் எவ்வளவுக்கெவ்வளவு எங்களுடையதாக இருந்ததோ அவ்வளவுக்கு அது அவருடையதாயிற்று. எமது நாடகங்கள் உலகப் பொதுமையாகவேண்டும் என்று சொல்லி ஊர்ப் பெயரையும் சாதிப் பெயரையும் கட்சிப் பெயரையும் அழித்துவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அவர்கள் அழிப்பது பெரும்பாலும் அழகியற் காரணத்துக்காக அல்ல என்பதும் எமக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் கடினமான இடம் ஒன்று மிஞ்சுகிறது. பரதர் கருணத்தையும், காதலரின் பிரிவுத் துயரான விப்ரலம்பத்தையும் ஒரே ஒரு கோட்டினால் பிரிக்கிறார். இரண்டிலும் கண்ணீர் உண்டு, ஏக்கம் உண்டு, உடல் மெலிவு உண்டு. கருணத்தில் எதிர்பார்ப்பு அற்றுப்போயிருக்கும். விப்ரலம்பத்தில் எதிர்பார்ப்பு இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். நம்பிக்கையின் மேல் நின்று ரசங்களைப் பிரித்த இந்தக் கோடு, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் முன்னால் வந்ததும் நின்றுவிடுகிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தெருவோரத்தில் உட்கார்ந்த தாய்மார் தங்கள் பிள்ளைகள் செத்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்ள மறுத்தவர்கள். மரணச் சான்றிதழும் நட்டஈடும் அவர்கள் கேட்டவையல்ல. வந்துவிடுவான் என்றும் முழுதாக நம்ப முடியாது. ஒப்பாரி பாட உடல் வேண்டும், கையறுநிலைக்குச் சாவு வேண்டும், பாலைக்குத் திரும்பிவரும் வழி வேண்டும். எந்தப் பெட்டியிலும் இது அடங்காது. பிற்காலத்து ஆலங்காரிகர் கருண விப்ரலம்பம் என்று ஒரு நடுவகை வைத்தார்கள். காதம்பரியில் இறந்துபோன புண்டரீகனுக்காக மகாசுவேதை காத்திருப்பது அதற்கு உதாரணம். ஆனால் அங்கே அவன் திரும்பி வருவான் என்று வானத்திலிருந்து வாக்குக் கிடைத்துவிடுகிறது. எங்கள் தாய்மாருக்கு வானத்திலிருந்து கிடைத்தவை வேறு.

இந்தக் காத்திருப்பைப் பற்றிப் பேசும்போது, அரசு கொண்டுபோனவர்களை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்த கவிஞர் செல்வியை 1991 ஆகஸ்டில் புலிகள் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. ரசம் பற்றி நான் படித்த அதே பாடத்தைப் படித்த ஒரு பெண். எமது புலம்பெயர் மேடைகளில் அவரைப் பற்றிய நாடகத்தை நான் பார்த்ததில்லை. விரூபாட்சனைத் தண்டால் அடிப்பது இந்திரன் மட்டும் செய்த காரியமன்று.

இத்தனையையும் வைத்துக்கொண்டு ‘கவுன்ரிங் அன்ட் கிராக்கிங்’கைப் பார்க்கவேண்டும். எஸ். சக்திதரன் எழுதி, ஈமன் ஃபிளாக் நெறிப்படுத்தி, 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் முதலில் மேடையேறிய நாடகம். பின்னர் 2022இல் எடின்பரோவுக்கும் 2024இல் மெல்பேணுக்கும் நியூயோர்க்குக்கும் போனது. மூன்றரை மணி நேரம். மண்டபத்தையே இலங்கை மண்டபம்போல ஆக்கியிருந்தார்கள், இடைவேளையில் எங்கள் சாப்பாடு. தமிழிலும் சிங்களத்திலும் பேசப்படுவதை வேறு நடிகர் மேடையில் நின்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். இந்த மொழிபெயர்ப்பாளர்தான் அந்த நாடகத்தின் அண்ணாவியார். தமிழ் தெரிந்த நாங்கள் வசனத்தை இருமுறை கேட்டோம். முதல்முறை கலங்கியவர்கள் இரண்டாம்முறை அந்தத் துயரம் இன்னொரு மொழியில், இன்னொருவர் வாயில் நிற்பதைப் பார்த்தோம். சாதாரணீகரணத்தை இதைவிடக் கண்கூடாகக் காட்ட முடியாது. எங்கள் சங்க விழாக்களின் நாடகங்கள் இதிலிருந்து களவெடுக்கவேண்டியது நிறைய உண்டு. பணம் இருந்தால்தான் முடியும் என்று சொல்லவேண்டாம். மேடையோரம் நின்று மொழிபெயர்க்க ஓர் ஆள் போதும்.

ஆனால் அதன் கதைமுடிச்சு எனக்குத் தொந்தரவு தருகிறது. 1983இல் இறந்துவிட்டான் என்று ராதா நம்பிய கணவன் திரு, இருபத்தொரு வருடங்களுக்குப் பின் உயிரோடிருப்பதாகத் தெரியவருகிறது. கருணம் என்று நினைத்தது விப்ரலம்பமாகிறது. அவன் படகேறி வந்து, இங்கிருந்து சில புகையிரத நிலையங்கள் தள்ளியுள்ள வில்லவூட் தடுப்பு முகாமில் இருக்கிறான். காதம்பரியின் இலக்கணப்படி இது நிறைவான முடிவு. சபை எழுந்து நின்று கைதட்டியது, நானும் தட்டினேன். திரும்பிவந்தவனின் நாடகத்தை ஒரு பெரிய அவை தாங்கிக்கொள்கிறது. எவரும் திரும்பிவராத, எவரும் இறந்ததாகவும் அறிவிக்கப்படாத, செய்தியே வராத ஒரு வீட்டை மூன்றரை மணி நேரம் மேடையில் வைத்தால் எந்த அவை தாங்கும்? அங்கே காரணங்களைக் காட்டலாம், அனுபாவங்களைக் காட்டலாம், சஞ்சாரி பாவங்கள் முப்பத்துமூன்றையும் காட்டலாம். அவை சேர்ந்து விளைவதற்குப் பெயர் வைப்பது நாடகாசிரியரின் வேலையன்று. விமர்சகர்களாகிய எங்கள் வேலை அது.